இடைவேளையோடு போனவர்கள்

தென்காசி
10.6.2025

அன்புத் தம்பி மணிமுத்துவுக்கு,

அக்கா ஆனந்தவள்ளி எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல முனகுகிறது. அந்த மலை உச்சியில் உனக்கு மூச்சு முட்டாமல் இருக்கிறதா? மாதத்துக்கு ஒருமுறை ராணுவ போனில் ரெண்டு நிமிஷம் ‘நல்லாருக்கியா, நல்லாருக்கேன்’ என்று கத்துவதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால் தபாலாபீஸில் கவர் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய செய்தி ஒன்று. எங்கள் சினிமா வட்டம் குற்றாலத்தில் படம் காட்டப் போகிறது! இதுவரை தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது முகம்மது மீரான் பாய் தன்னுடைய லாட்ஜ் ஹாலையே தருகிறார். நூற்றைம்பது நாற்காலி. சீசன் நேரம், ஊரெல்லாம் கூட்டம். ஜூலை 13, ஞாயிறு காலை பத்து மணி. படம் 1948-இல் வந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம், கொலை வழக்குக் கதை. ‘ஒன்பதாம் துறை’ என்று தமிழில் பேர் வைத்திருக்கிறோம். அடியில் ஓடுகிற தமிழ் வரி அத்தனையும் ஜெயபிரியா எழுதியது. மூன்று மாதம் ராப்பகலாக உழைத்தாள். நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருக்கிறாள். ஒரு ரவுடி இன்னொரு ரவுடியை ‘ஏலே, எங்கன ஒளிஞ்சிருக்க?’ என்கிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஜெயபிரியா யார் என்று கேட்பாய். சொல்கிறேன், கோபப்படாதே. இலத்தூரில் நம் பக்கத்து வயல் பாண்டியராஜ் மாமாவின் மகள். செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் யார் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவள் யார் என்று எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நாங்கள் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டோம்.

நீ அப்போது சின்னப் பையன், பத்து வயசு. இலத்தூரில் நம் வைக்கோல் படப்பும் தொழுவமும் எரிந்த அந்தக் கார்த்திகை உனக்கு எவ்வளவு நினைவிருக்குமோ. வாய்க்கால் தண்ணீருக்காக அதற்கு முந்தின வாரம்தான் அப்பாவும் மாமாவும் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டிருந்தார்கள். மாமா தீ வைத்ததைக் கண்ணால் பார்த்ததாக அப்பா கோர்ட்டில் சொன்னார். மாமாவுக்கு ஒரு வருஷம் ஜெயில். பஞ்சாயத்தில் பம்பு ஆபரேட்டர் வேலையும் போயிற்று. குடும்பத்தோடு செங்கோட்டைக்குப் போனவர் அதற்குப் பிறகு இலத்தூர் எல்லையில் கால் வைக்கவில்லை. ‘நான் செய்யலம்மா’ என்று மட்டும் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

மகள் எழுதிய படம் என்று அவர் வரப்போகிறார். அப்பாவையும் நான் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். இரண்டு பேரும் ஒரே ஹாலில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலே போதும். அதற்கு மேல் நடப்பது நடக்கட்டும். தென்காசியில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்தவள் நான், என் ஊசிக்குப் பயந்தாவது அப்பா வருவார்.

சாப்பிடு, தூங்கு, பதில் போடு.

உன் அக்கா
ஆனந்தவள்ளி

*

56 ஏபிஓ
27.6.2025

அக்காவுக்கு,

உன் கவர் வந்த அன்று இங்கே திருவிழா. நான் கேட்டதைவிட மற்றவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். எங்கள் காவல் போஸ்ட்டில் பதினோரு பேர். உன் கடிதத்தை இந்தியில் சொல்லச் சொல்லி ஒரே நச்சரிப்பு. கொலை யார் செய்தது என்று கேட்டு ஒரு பஞ்சாபிக்காரன் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது, அது இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான்.

படத்தின் கதையை விவரமாக எழுது. கொலை எப்படி, சாட்சி யார், முடிவில் என்ன ஆகிறது, எல்லாம் வேண்டும். முடிவை முதலில் எழுதினாலும் பரவாயில்லை.

நூற்றைம்பது நாற்காலி நிறையுமா? அத்தானுக்கு அன்று டூட்டி எங்கே? போலீஸ்காரர் கூட இருந்தால் விசிலடிக்கிறவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள்.

பாண்டியராஜ் மாமா இப்போதும் ஸ்டேஷனில்தான் வேலை பார்க்கிறாரா? உடம்பு எப்படி இருக்கிறது? அப்பாவைக் கட்டாயப்படுத்தாதே அக்கா. அவருக்குக் கால் வலி. வீட்டில் இருக்கட்டும்.

அந்தக் கார்த்திகை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முட்டை, பால் என்று எல்லாம் தருகிறார்கள், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தம்பி
மணிமுத்து

*

தென்காசி
15.7.2025

என் தம்பிக்கு,

நலம் எல்லாம் பிறகு, முதலில் இதைக் கேள். ஹால் நிறைந்துவிட்டது! நாற்காலி போதாமல் மீரான் பாய் டைனிங் ஹாலில் இருந்து பெஞ்சைத் தூக்கி வரச் சொன்னார். முந்தின நாள் மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்க வந்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹால் முழுக்க நல்லெண்ணெய் வாசம்.

நீ கேட்ட கதை இது. ஒரு துறைமுகம். ஒன்பதாம் துறையில் கிடங்கு முதலாளியைக் கொன்றுவிடுகிறார்கள். அங்கே இரவு வாட்ச்மேன் ஒரு கிழவன். கூலிக்கார வாலிபன் ஒருவன் ஓடியதைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்கிறான். வாலிபனுக்கு இருபது வருஷம். அந்தச் சத்தியம் வரைக்கும் சும்மா சொல்லக்கூடாது, ஹாலில் ஒரு சத்தம் இல்லை. ஜெயபிரியா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், விரல் நசுங்கிவிட்டது.

இப்போது வருகிறது கூத்து. அந்தக் காலத்து அமெரிக்கப் படத்தில் இடைவேளை கிடையாது. நம்ம வட்டத்துச் செயலாளர் இசக்கிமணி அண்ணாச்சிக்கு அது பொறுக்குமா? ‘இடைவேள இல்லாத படத்த எவம்லே பாப்பான்? டீயும் போண்டாவும் சொல்லியாச்சு’ என்று அவரே ஒரு இடத்தைப் பார்த்து வெட்டி வைத்திருந்தார். எந்த இடம் தெரியுமா? தீர்ப்பு சொல்லி, வாலிபனைக் கொண்டுபோய், திரை கறுப்பாகிற இடம். ‘இடைவேளை’ என்று எழுத்து வருவதற்கு முன்னால் யாரோ லைட்டைப் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் படம் முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள்!

அந்த நேரம் பார்த்து வெளியே மைக்கில், ‘மெயினருவியில் தண்ணீர் வரத்து குறைந்துள்ளதால் பொதுமக்கள் குளிக்க அனுமதிக்கப்படுகிறார்கள்.’ யார் குரல் என்று நினைக்கிறாய்? உன் அத்தான் குற்றாலிங்கம். டூட்டி அங்கேதான். அவ்வளவுதான், பாதி ஹால் துண்டோடு ஓடிவிட்டது. இசக்கிமணி அண்ணாச்சி வாசலில் குறுக்கே நின்று, ‘ஏ, இன்னும் பாதி இருக்கு, குற்றவாளி அவன் இல்ல!’ என்று கத்துகிறார். யார் கேட்டார்கள்?

இரண்டாம் பாதியில்தான் விஷயமே. வாட்ச்மேன் அன்றைக்குத் தூங்கிவிட்டிருக்கிறான். ஓடியவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ‘அவன்தான், எங்களுக்குத் தெரியும்’ என்று மற்றவர்கள் சொன்னதை நம்பிச் சத்தியம் செய்திருக்கிறான். கடைசியில் வாலிபனின் அம்மா வீட்டுக்குப் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறான். நாலு நிமிஷம் சும்மா நிற்கிறான். கதவு திறக்கிறது. படம் முடிந்தது. என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள், ஒன்றும் கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பின்னால் ஒருவர் ‘இதுக்காடே இவ்ளோ நேரம்?’ என்றார்.

பாண்டியராஜ் மாமா முதல் வரிசையில் கடைசிவரை இருந்தார். திரும்பியே பார்க்கவில்லை. அப்பா இடைவேளையோடு எழுந்து போய்விட்டார். நான் வாசலில் பிடிக்கப் போனேன், ‘குளிச்சிட்டு வாரேம்ட்டி’ என்று கூட்டத்தோடு போனார். படம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ‘நல்ல தண்ணி விழுது’ என்றார். தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடக்கிறது, தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அருவிப் பக்கமே போகவில்லை அவர். பார்டர் கடைப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், பாதியிலேயே இலையை மடித்துவிட்டார்.

உதட்டுக்கு நெய் தடவு. நான் அனுப்பியது தீர்ந்திருந்தால் எழுது.

அக்கா

*

தென்காசி
24.7.2025

தம்பி,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது! ‘வாட்ச்மேன் சொன்னது சத்தியம், அந்தப் பயதான் கொலைகாரன்’ என்று குளிக்கப் போனவர்கள் ஒரு கட்சி. ‘அவன் நிரபராதி’ என்று நாங்கள் ஒரு கட்சி. லேபில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், ஊசி கையில் ஏறியிருக்கும்போதே என்னோடு சண்டை. ‘ஜட்ஜே தீர்ப்பு சொல்லிட்டாரும்மா, பொறவு நீ யாரு?’ என்கிறார். பாதிப் படம் பார்த்தவர்கள்தான் சத்தமாகப் பேசுகிறார்கள்.

ஜெயபிரியா இணையத்தில் தேடிப் பார்த்தாள். படம் வந்த புதிதில் அமெரிக்காவிலும் இதே கதைதானாம். ‘கதவைப் பார்த்து நிற்கும் கிழவனைக் காண எதற்கு டிக்கெட்?’ என்று ஒரு பத்திரிகை கிழித்திருக்கிறது. ‘இந்த வருஷத்தில் நேர்மையாக முடிந்த ஒரே படம்’ என்று இன்னொரு பத்திரிகை. ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் படத்தைத் தூக்கிவிட்டார்களாம். முப்பது வருஷம் கழித்துத்தான் கொண்டாடியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் இசக்கிமணி அண்ணாச்சிக்கு ஒரே பெருமை. ‘அப்ப நாம சரியாத்தான் காட்டிருக்கோம்!’

நேற்று அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார், ‘அந்த வாச்மேன் என்னட்டி ஆனான்?’ நான் கதையைச் சொன்னேன். தூங்கினது, பார்க்காதது, மற்றவர்கள் பேச்சை நம்பினது, கடைசியில் கதவு. அப்பா கும்பாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தார்.

மணி, எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவே பயமாக இருக்கிறது. அப்பா அன்றைக்கு நிஜமாகவே பார்த்தாரா? உனக்கு ஏதாவது தெரியுமா? படப்பு எரிந்தபோது வீட்டில் இருந்தது நீயும் அவரும்தானே. நானும் அம்மாவும் கோயிலில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குளிர் எப்படி இருக்கிறது என்று எழுது. அதோடு இதற்கும் எழுது.

ஆனந்தவள்ளி

*

56 ஏபிஓ
14.8.2025

அக்கா,

இரண்டு கடிதமும் சேர்ந்தே வந்தன. எல்லோரும் சுகம். சுதந்திர தினத்துக்கு இங்கே அல்வா கிண்டுகிறோம், திருநெல்வேலிக்காரன் என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தின்னத்தான் தெரியும் என்றால் யாரும் நம்பவில்லை.

படக் கதையை இரண்டு நாளாகச் சொன்னேன். இசக்கிமணி அண்ணாச்சியைப்போல நானும் தீர்ப்போடு நிறுத்தி, மறுநாள் மீதியைச் சொன்னேன். இங்கேயும் இரண்டு கட்சி! கிழவன் கதவு வரைக்கும் போயிருக்க வேண்டாம், ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும் என்கிறான் பஞ்சாபிக்காரன். எங்கள் சுபேதார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், போய் நிற்பதுதான் முக்கியமாம். அத்தான் மைக்கில் பேசியதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்கு இருமலே வந்துவிட்டது.

இசக்கிமணி அண்ணாச்சியை இன்னொரு தடவை காட்டச் சொல். இடைவேளையோடு போனவர்கள் மீதியைப் பார்க்க வேண்டும்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். கண்டுகொள்ளாதே.

மணிமுத்து

*

தென்காசி
30.8.2025

தம்பிக்கு,

ஒரு அக்காவிடம் ‘கண்டுகொள்ளாதே’ என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய், பேனா தாளையே கிழித்திருக்கிறது. ஒரே ஒரு சொல் தப்பியிருக்கிறது. ‘மாவளி.’

அந்த வருஷம் உனக்கு மாவளி கட்டிக் கொடுத்தது நான்தான். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, உப்புப் போட்டு இடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். சுற்றினால் நெருப்புப் பொறி வட்டமாகப் பறக்க வேண்டும், ஊரிலேயே என் தம்பியின் மாவளிதான் பெரிசாகத் தெரிய வேண்டும் என்று கயிற்றை நீளமாக விட்டேன். மறுநாள் அது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. படப்பு எரிந்த வீட்டில் மாவளியை யார் தேடுவார்கள்? நீ ரெண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாய். பயந்துவிட்டான் என்று அம்மா திருநீறு பூசினாள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. நீ எழுது.

நீ சொன்னபடியே அக்டோபர் 5 அன்று தென்காசியில் படத்தை மறுபடி காட்டுகிறோம். பாதியில் போனவர்களுக்கு நேரிலேயே போய்ச் சொல்லி அழைக்கிறோம். இடைவேளை உண்டா என்று கேட்டேன், இசக்கிமணி அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

அக்கா

*

56 ஏபிஓ
26.9.2025

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன், இதைக் கிழிக்கமாட்டேன்.

சொக்கப்பனைக்குக் கூட்டிப் போகவில்லை என்ற கோபத்தில் படப்புக்குப் பின்னால் நின்று மாவளி சுற்றினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. நெருப்பு வட்டம் பெரிசாக, பெரிசாக வந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கயிறு அறுந்தது. மாவளி பறந்து போய்ப் படப்பின் உச்சியில் விழுந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை, புகை மட்டும் வந்தது. அணைந்துவிடும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதே கத்தியிருந்தால் போதும். கத்தவில்லை.

அப்பா ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். ‘எவம்லே வந்தான் இங்கன? சொல்லுலே!’ கொஞ்சம் முன்னால் பாண்டியராஜ் மாமா கையில் டார்ச்சோடு வரப்பு வழியாகப் பம்பு ரூமுக்குப் போனதைப் பார்த்திருந்தேன். ‘பாண்டியராஜ் மாமா வந்தாக’ என்றேன். மாமா வந்தது நிஜம். ஆனால் அப்பா எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பத்து வயசுதான், ஆனால் தெரியும்.

மீதியை அப்பா கட்டிக்கொண்டார். சின்னப் பையனைக் கோர்ட்டில் ஏற்றினால் வக்கீல் குழப்பிவிடுவான் என்று, தானே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். என் வார்த்தையை அவ்வளவு நம்பினார்.

ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். தென்காசியில் இறங்காமல் செங்கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் போவேன், இறங்கினதும் மாமா மூட்டை தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். ஒருமுறை என் பெட்டியைத் தூக்கிவிட வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் வேண்டாம் என்று ஓடினேன். இங்கே பனியில் காவல் நிற்க எனக்குப் பயமில்லை அக்கா. அந்த ஸ்டேஷனில் இறங்கத்தான் பயம்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. முழுக்கப் படி, பாதியில் நிறுத்தாதே. பிறகு மாமாவிடம் கொடு. என்னை வெறுத்தாலும் பதில் போடு.

மணிமுத்து

*

தென்காசி
14.10.2025

மணிமுத்து,

கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் தாங்காது. இருபத்து நாலு வருஷம்! ஜெயபிரியாவுக்கு அப்போது மூணு வயசு. என் தட்டில் இருந்து எடுத்துச் சாப்பிடுகிறவள் அவள். அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? வெறுக்கவில்லை. வெறுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். கயிற்றை நீளமாக விட்டவள் நான்.

ஐந்தாம் தேதி படம் காட்டினோம். உன் கடிதம் அப்போது வந்து சேரவில்லை. நான் கூப்பிடாமலே அப்பா வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இடைவேளையே விடவில்லை, டீயை அவரவர் இடத்துக்கே கொண்டு கொடுத்தோம். கிழவன் கதவுக்கு முன்னால் நிற்கும்போது குளிக்கப் போன கட்சிக்காரர்கள் எல்லாம் கப்சிப். லேபில் சண்டை போட்ட பெரியவர் என்னிடம் வந்து, ‘நான் பேசினது தப்புதாம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா மட்டும் லைட்டைப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், நீ சொன்னபடி முழுக்க. அப்பா திட்டவில்லை. ‘அவன் சின்னப் பிள்ள. வந்தாகன்னுதான் சொன்னான். பாத்தேன்னு சொன்னது நான்லா’ என்றார். நேற்றுக் காலை கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் வருகிறேன் என்றேன். ‘ஒருத்தனாத்தான் போவணும்’ என்றார். கொட்டுகிற மழை. குடையைக்கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். ‘நின்னேன்’ என்றார். துண்டைப் பிழிந்து காயப்போட்டேன், அரை வாளித் தண்ணீர்.

எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஜெயபிரியா போனை எடுக்கமாட்டேன் என்கிறாள்.

நீ ஜாக்கிரதையாக இரு.

அக்கா

*

செங்கோட்டை
22.10.2025

மணிமுத்துவுக்கு,

பாண்டியராஜ் எழுதுவது. ஜெயபிரியா தான் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். எனக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் அப்பா வந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலில் மழையில் நின்றார். கதவைத் தட்டவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பதினோரு நிமிஷம். அந்தப் படத்தில் கிழவன் நாலு நிமிஷம் நிற்பதற்கே நீளம் நீளம் என்று குறை சொன்னார்கள். என்னைக் கேட்டால் நாலு நிமிஷம் போதாது.

கதவைத் திறந்தேன். ‘பாண்டி, நான் பாக்கலடே’ என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! ‘உள்ள வாங்கண்ணாச்சி, சாரல் அடிக்கி’ என்றேன். வந்தார். டீ குடித்தார். உன் பேரை அவர் எடுக்கவே இல்லை. எழுந்து போகும்போதுதான் உன் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

இரண்டு தடவை படித்தேன். டம்ளரைச் சுவரில் எறிந்தேன், ஜெயபிரியா பயந்துவிட்டாள். அவளுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் உன் அக்காவிடம் போய்ச் சண்டை போட்டாள், இப்போது இரண்டு பேரும் மறுபடி சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பொம்பளைப் பிள்ளைகள் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். என்னால் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. மன்னித்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். வரவில்லை, எழுதவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ எனக்குச் சொல்லிவிட்டாய். உன் அப்பா என் வீட்டில் சொல்லிவிட்டார். நான் செய்யவில்லை என்று எனக்கு முன்னமே தெரியும். தெரியாதது இலத்தூருக்கு. தீர்ப்போடு எழுந்து வீட்டுக்குப் போன ஊர் அது. கார்த்திகை அன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துமுன் ஊர் மொத்தமும் நிற்கும். அங்கே வந்து சொல்வாயா? நீ சொல்வதானால் நானும் வருகிறேன். ஜெயிலுக்குப் போனதில் இருந்து அந்தச் சொக்கப்பனையை நான் பார்க்கவில்லை.

ஈரச் சாக்ஸோடு நிற்காதே, காலுக்கு ஆகாது.

பாண்டியராஜ்

*

56 ஏபிஓ
10.11.2025

மாமா அவர்களுக்கு,

இங்கே சுகம். உங்கள் கடிதத்தை நானும் இரண்டு தடவை படித்தேன். சுபேதாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லீவு பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஞ்சாபிக்காரன் தன் புது சாக்ஸ் ஒரு ஜோடியை என் பெட்டியில் வைத்தான், ஊரில் நிற்கும்போது போட்டுக்கொள் என்று.

டிசம்பர் 2 காலை பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். 3-ஆம் தேதி கார்த்திகை. செங்கோட்டை ஸ்டேஷனில் இந்தத் தடவை ஓடமாட்டேன். பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன். நீங்கள் அங்கே இருந்தால் போதும், இரண்டு பேருமாகச் சேர்ந்தே இலத்தூருக்குப் போவோம்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வயசில் மாவளி சுற்றியதற்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் நாள் எண்ணியதில்லை, இதை உங்களிடம் சொல்வது சரியா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு உதவி. சொக்கப்பனைக்கு முன்னால் நான் பேசி முடிக்கிறவரைக்கும் மைக்கை அத்தானிடம் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். இசக்கிமணி அண்ணாச்சியிடமும் சொல்லி வையுங்கள், டீ, போண்டா எல்லாம் பிறகு. இடைவேளை வேண்டாம்.

மணிமுத்து